துப்பறி மேசை இயல்: பலர் கூடி ஒரு கொலையாளியைத் தவறவிடும் முறைமை

பாயிரம்

நூல் செய்யப் புகுவோர் அந்நூலால் விளையும் பயனை முதலில் உரைக்க வேண்டும் என்பது பழைய மரபு. இந்நூலால் விளையும் பயன் யாதொன்றும் இல்லை. மரபைக் காத்தாயிற்று. இனி, நூல் தோன்றிய காரணம். பல்லி எந்தத் தோளில் விழுந்தால் என்ன பலன், குதிரைக்கு எந்தச் சுழி ஆகாது என்று அனைத்துக்கும் சாத்திரம் கண்ட நாட்டில், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு ஐந்தாறு பேர் உட்கார்ந்து, விக்டோரியா மகாராணி காலத்து லண்டனில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு கொலையை இரவு பதினொரு மணி வரை உரக்க விசாரிப்பதற்கு மட்டும் இலக்கணம் வகுக்கப்படவில்லை. அக்குறை நீக்க எழுந்தது இது.

ஆய்வுக் களம் அந்த மேசையே. ஆய்வுக்கு உட்பட்டோர் உறவினர்களும், அவர்கள் கூட்டிக்கொண்டு வந்தவர்களும். யாரிடமும் ஒப்புதல் பெறப்படவில்லை. பெயர்களும் தரப்படவில்லை; பொங்கலுக்கு எல்லோரும் அதே மேசையில்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

வரையறையும் கருதுகோளும்

கூட்டுத் துப்பறி ஆட்டம் என்பது யாதெனின்: ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். அது ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருக்க வேண்டும். ஆட்டத்தின் நடுவே நிகழ்வனவற்றை விசாரிக்கக் காவல் நிலையம் உண்டு. ஆடுவோர் அனைவரும் ஒரே கட்சியில் இருக்க வேண்டும். வென்றால் எல்லோரும் வெல்வர், தோற்றால் எல்லோரும் தோற்பர். விடை பெட்டிக்குள்ளேயே அச்சாகிக் கிடக்க வேண்டும். அதை யாரும் பார்க்கக் கூடாது.

அற்றேல், விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க அதை மூன்று மணி நேரம் தேடுவது எற்றுக்கெனின், அந்த விரதமே இவ்வாட்டத்தின் அறவியல் அடிப்படை என்க. தொடர்கதை புத்தகமாக வந்ததும் கடைசி அத்தியாயத்தை முதலில் படிப்பவர்கள், படம் பார்க்கப் போகும் முன்பே “கடைசியில ஹீரோ செத்துடுவானா?” என்று கேட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள், அடுத்தவர் கைப்பேசியில் மின்னும் செய்தியைத் தலைகீழாகவே படித்துவிடுகிறவர்கள், எல்லோரும் இந்த மேசையில் துறவிகள். விடைப் பக்கத்தைப் புரட்டாமல் இருப்பதில் இவர்கள் காட்டும் புலனடக்கம் வேறெந்தத் துறையிலும் இவர்களிடம் காணப்பட்டதில்லை.

இந்த ஆய்வு நிறுவ முனைவது ஒன்றே. எதிரெதிராக ஆடும் துப்பறி ஆட்டத்தில் மனிதர்கள் அமைதியாக இருக்கிறார்கள். ஒரே கட்சியில் ஆடும்போது சண்டை போடுகிறார்கள். காரணம் வெளிப்படை. தடயங்கள் தனித்தனியாக இருக்கும்போது, “என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை, அதனால் உன் கருத்து வேறு” என்று விட்டுவிடலாம். எல்லோரும் ஒரே பத்தியைக் கேட்டு, ஒரே பத்திரிகையைப் படித்து, ஒரே வரைபடத்தைப் பார்த்த பிறகும் கருத்து வேறாக இருந்தால், பழி போட மிஞ்சுவது எதிரே இருப்பவரின் மூளை ஒன்றுதான்.

மரபு வரலாறு

எதிர்க்கட்சி ஆட்டத்துக்கு எடுத்துக்காட்டு கிளூடோ. இங்கிலாந்தின் பர்மிங்காமில் வாழ்ந்த ஆன்டனி பிராட் என்ற இசைக்கலைஞர் இரண்டாம் உலகப் போரின்போது இதை உருவாக்கி, 1944-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். வாடிங்டன்ஸ் நிறுவனம் இதைக் கடைக்குக் கொண்டுவர 1949 ஆயிற்று. வானத்திலிருந்து குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்களில், ஒரு மாளிகையில் ஒரே ஒரு ஆள் மட்டும், அதுவும் மெழுகுவர்த்தித் தண்டால் அடிபட்டுச் சாவது ஒருவகை ஆறுதலாகவே இருந்திருக்கும். சந்தேகத்துக்குரியவர் ஆறு பேர், ஆயுதம் ஆறு, அறை ஒன்பது, பெருக்கினால் 324. அந்த 324-இல் ஒன்று உறைக்குள் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் சீட்டைத் தாமே வைத்துக்கொண்டு, தம் தாளில் தாமே குறித்துக்கொண்டு, பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்க்காதபடி இடக்கையால் மறைத்துக்கொண்டு ஆடுவார்கள். எதிராளி முட்டாள்தனமாக யோசித்தால் மகிழ்ச்சி; அந்த மகிழ்ச்சியை வெளியே காட்டினால் நஷ்டம். ஆகவே அமைதி. கிளூடோ ஆடும் வீட்டைக் கடந்து போகிறவர் உள்ளே பரீட்சை நடப்பதாகவே நினைப்பார்.

இன்னொரு கிளை காகிதக் கட்டாக வந்தது. 1936-இல் டென்னிஸ் வீட்லியும் ஜே. ஜி. லிங்க்ஸும் சேர்ந்து ‘மர்டர் ஆஃப் மயாமி’ என்றொரு கொலைக் கோப்பை வெளியிட்டார்கள். நாவல் போல எழுதாமல் காவல்துறைக் கோப்பாகவே கட்டியிருந்தார்கள்: தந்திகள், வாக்குமூலங்கள், நிழற்படங்கள். கூடவே உண்மையான தலைமயிர், தீக்குச்சி, கறைபட்ட திரைத்துணியின் துண்டு. கடைசிப் பகுதி முத்திரையிடப்பட்டிருக்கும்; அதற்குள் விடை. 1939-க்குள் இப்படி நான்கு கோப்புகள் வந்தன. ஆனால் அது தனிமனிதச் சாத்திரம். கோப்புக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு நாற்காலி. பலர் சூழ்ந்து குனிந்தால் யாராவது ஒருவர் தும்மிவிட, முக்கியத் தடயம் மின்விசிறிக் காற்றோடு போய்விடும்.

கூட்டம் கூடியது 1981-இல். ரேமண்ட் எட்வர்ட்ஸ், சுசான் கோல்ட்பர்க், கேரி கிரேடி ஆகிய மூவர் உருவாக்க, ஸ்லூத் பப்ளிகேஷன்ஸ் வெளியீடாக ‘ஷெர்லாக் ஹோம்ஸ் கன்சல்டிங் டிடெக்டிவ்’ வந்தது. அதன் ஜெர்மன் பதிப்புக்கு 1985-இல் அந்நாட்டின் ‘ஆண்டின் ஆட்டம்’ விருது கிடைத்தது. இன்றும் புதுப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது. இந்த இயலின் மூலநூல் அதுவே. பிறவெல்லாம் வழிநூல்.

கருவியும் களமும்

மூலநூற்பெட்டியைத் திறந்தவர் முதலில் அடைவது ஏமாற்றம். தாயக்கட்டை இல்லை. காய் இல்லை. கட்டம் போட்ட பலகை இல்லை. இருப்பவை காகிதங்கள்: லண்டன் வரைபடம் ஒன்று, பெயரும் தொழிலும் வரிசைப்படி அடுக்கிய முகவரிப் புத்தகம் ஒன்று, வழக்குக்கு ஒன்றாக அன்றன்றைய ‘டைம்ஸ்’ பத்திரிகை, வழக்குக்கு ஒன்றாக வழக்கேடு. வழக்குகள் பத்து. “இதுக்கா இவ்வளவு விலை?” என்று மேசையின் மூத்தவர் கேட்பது ஆட்டத்தின் முதல் காய்நகர்த்தலாகக் கொள்ளப்படும்.

ஆடும் முறை எளிது. வழக்கேட்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் யாரோ செத்திருப்பார். யாரைப் போய்ப் பார்க்கலாம் என்று மேசை முடிவு செய்யும். முகவரிப் புத்தகத்தில் அவர் வீட்டு எண்ணையும் வட்டாரத்தையும் எடுத்து, வழக்கேட்டில் அந்த எண்ணுக்குரிய பத்தியை ஒருவர் வாசிப்பார். பத்தி இருந்தால் செய்தி. இல்லையென்றால் வீண் அலைச்சல். எந்த வழக்குக்கும் பொதுவாகச் சில புகலிடங்கள் உண்டு. பிணத்தைப் பற்றிக் கேட்கப் புனித பார்த்தலோமியோ மருத்துவமனை, வதந்திக்கு லாங்டேல் பைக், கீழ்த்தட்டு நிலவரத்துக்கு மதுக்கடைக்காரர் போர்க்கி ஷின்வெல், வாடகைக் குதிரைவண்டி யாரை எங்கே இறக்கிவிட்டது என்று அறிய வண்டி லாயம், உயிலைப் பார்க்கச் சாமர்செட் ஹவுஸ்.

ஆடுவோர் யார் என்பதுதான் வேடிக்கை. அவர்கள் ஹோம்ஸ் அல்லர். அவருக்கு எடுபிடி வேலை செய்யும் பேக்கர் தெருப் பிள்ளைகள். 1887-இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலிலேயே இந்தப் படை உண்டு; விக்கின்ஸ் என்பவன் தலைவன், ஆளுக்கு ஒரு ஷில்லிங் கூலி. மேசையில் அந்த ஷில்லிங்கும் கிடையாது. வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கிழிந்த கால்சட்டைத் தெருப்பையனாகத் தம்மை வரித்துக்கொள்வதில் ஒரு சங்கடமும் காட்டவில்லை என்பதை ஆய்வு பதிவு செய்கிறது. கூலி இல்லை என்பதில் மட்டும் காட்டினார்.

மேசை மாந்தர்

மாந்தரில் தலையாயவர் வாசிப்பவர். வழக்கேடு இவர் கையில். பத்தியைப் பிறர் காதால் அறியும் முன் இவர் கண்ணால் அறிந்துவிடுகிறார். இரண்டு விநாடி முந்தும் அந்த உரிமை தரும் அதிகாரம் சிறிதன்று. இவர் புருவம் உயர்ந்தால் மேசை நிமிரும். உதடு சுழிந்தால் துவளும். களத்தில் இப்பதவி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற அத்தைக்கு வாய்த்தது. காவல் ஆய்வாளர் லெஸ்ட்ரேடுக்கு ஒரு குரல், வேலைக்காரிக்கு ஒரு குரல், வண்டிக்காரனுக்கு ஒரு குரல் என்று நடித்தே வாசித்தார். குரலை வைத்து மேசை கொலையாளியை ஊகிக்கத் தொடங்கியதும், அச்சாகாத ஒரு தடயவகை ஆட்டத்துக்குள் புகுந்தது. “அத்தை அந்த ஆளுக்கு மட்டும் கட்டைக் குரல் வெச்சீங்களே, ஏன்?” என்ற கேள்விக்கு, “தொண்டை கட்டிக்கிச்சு, அவ்வளவுதான்” என்பது விடை. ஒருவரும் நம்பவில்லை. குறுக்கே பேசிய மருமகனை எழுந்து நிற்கச் சொல்லும் எல்லை வரை போய் அத்தை திரும்பினார்.

அடுத்தவர் பத்திரிகைக்காரர். ‘டைம்ஸ்’ கைக்கு வந்ததும் இவர் மேசையிலிருந்து மறைந்துவிடுவார். நாற்காலியில் ஒரு தாள் மட்டும் விரிந்திருக்கும். கப்பல் வரவு, நாடகக் கொட்டகை, யாருக்கோ யாரோ ரகசியமாகப் போட்ட இரண்டு வரி அறிவிப்பு, எதையும் விடமாட்டார். வழக்குக்கு ஒட்டாத செய்திகளை அவ்வப்போது தாளுக்குப் பின்னாலிருந்து அறிவிப்பார். “குடை காணாமப் போயிருக்கு.” யாரும் திரும்ப மாட்டார்கள். இதில் கொடுமை என்னவென்றால், ஆட்டத்தை வகுத்தவர்கள் உண்மையான தடயத்தை இப்படிப்பட்ட வரிகளுக்கு இடையில்தான் புதைக்கிறார்கள். அதைவிடக் கொடுமை இன்னொன்று: பழைய பத்திரிகை செல்லாததாகிவிடுவதில்லை. முன் வழக்கின் தாள் பின் வழக்குக்கும் உதவலாம். ஆகவே ஆறாம் வழக்கில் இவர் முதல் வழக்கின் தாளை மடியிலிருந்து எடுத்து, “அன்னைக்கே சொன்னேன்” என்று தொடங்க முடியும். சாத்திரப்படி அது செல்லும். அதனாலேயே பொறுக்க முடியாது.

மூன்றாமவர் தீர்ப்பாளர். முதல் பத்தி முடியும் முன் குற்றவாளியை அறிவிப்பவர். களத்தில் இவர் சித்தப்பா. இவருடைய கொள்கை உலகப் பொதுவானது: “எந்த ஊரா இருந்தா என்னப்பா, சொத்துத் தகராறுதான்.” வழக்கு எதுவானாலும் முதல் பயணம் சாமர்செட் ஹவுஸுக்கு, உயில் பார்க்க. அருங்காட்சியகத்தில் பொருள் களவு போயிருந்தாலும் உயில் பார்க்க வேண்டும் என்பார். இக்கொள்கை எப்போதும் பொய்த்தால் பிரச்சினையே இல்லை. எப்போதோ ஒருமுறை பலித்துவிடுகிறது. பலித்த அன்றிலிருந்து அந்த மேசையில் ஆய்வுமுறை என்ற ஒன்று இல்லை.

வரைபடக்காரர் விரலால் தூரம் அளந்துகொண்டிருப்பார்; தொந்தரவில்லாதவர். குறிப்பெழுதுபவர் எல்லாவற்றையும் எழுதுவார், அம்புக்குறி போட்டு வட்டம் போட்டு. மறுநாள் அது அவருக்கே புரியாது. உறங்குபவர் ஒருவர் உண்டு. இவரை ஒதுக்கிவிடலாமே எனின், ஆகாது: இறுதியில் குற்றவாளி யார் என்று கைதூக்கும்போது விழித்துக்கொள்வார். அவர் கையும் ஒரு கைதான்.

நாட்டாமையும் மருந்தும்

மேற்சொன்ன மாந்தர் அனைவரையும் ஒருவரே விழுங்கிவிடுவது நாட்டாமை எனப்படும். “நீ அந்த வீட்டுக்குப் போ, நீ இதைக் குறிச்சுக்கோ, நீ பேசாம இரு” என்று ஒருவர் ஆட, மற்றவர்கள் பார்க்க வந்தவர்கள் ஆகிவிடும் நிலை. கூட்டு ஆட்டங்கள் அனைத்துக்கும் பிறவிப் பிணி இது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றால், எல்லோருக்காகவும் ஒருவரே முடிவெடுத்துவிடலாம் அல்லவா? ஆட்டம் வகுப்போர் இதற்குப் பலவாறு மருந்து கண்டிருக்கிறார்கள். மருந்துகளின் பக்கவிளைவே இப்பகுதியின் பொருள்.

தலைசிறந்த மருந்து ‘மிஸ்டீரியம்’. உக்ரைனைச் சேர்ந்த ஒலெக்சாந்தர் நெவ்ஸ்கியும் ஒலெக் சிதோரென்கோவும் வகுத்த ஆட்டம். 2015-இல் பிரான்சின் லிபெல்லூத் நிறுவனத்தின் வழியே உலகெங்கும் பரவியது. இதில் ஒருவர் பேய். கொலையுண்டவரின் ஆவி. தடுப்புத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் பேய்க்கு எல்லா விடையும் தெரியும். ஆனால் பேசக் கூடாது. படச்சீட்டுகளைக் கனவாக அனுப்பலாம், அவ்வளவே. மற்றவர்கள் ஆவியோடு உறவாடும் குறிசொல்லிகள். ஆளுக்கு ஒரு சந்தேக நபர், ஓர் இடம், ஓர் ஆயுதம் கண்டுபிடிக்க வேண்டும். மொத்தம் ஏழு மணி நேரம், அதாவது ஏழு சுற்று.

சமையலறையைக் காட்ட வேண்டிய பேயிடம் இருப்பதோ பலூனில் பறக்கும் மீன், உதிர்ந்த இலை, ஏணி மேல் நிற்கும் குழந்தை போன்ற கனவுப் படங்கள். ஒன்றிலே மூலையில் சிறிதாக ஒரு நெருப்பு இருக்கிறது. நெருப்பு, ஆகவே அடுப்பு, ஆகவே சமையலறை என்று பேய் அனுப்புகிறது. மேசை ஏணியைப் பார்த்துப் பரண் என்று முடிவு கட்டுகிறது. நாட்டாமையைப் பேயாக்கி உட்கார வைப்பதே இந்நோய்க்குக் கைகண்ட சிகிச்சை. களத்தில் அப்படிச் செய்தபோது காணப்பட்ட மெய்ப்பாடுகள்: மூக்கு விடைத்தல், திரையின் விளிம்பைப் பற்றுதல், நெற்றியில் அறைதல், நாற்காலியை ஓசைப்பட நகர்த்துதல், கண்ணை மூடிக் கூரையை நோக்குதல். சித்தப்பா பேயாக இருந்தபோது அவர் மூச்சு விடுவதைக் கொண்டே மேசை விடையை நெருங்கியது: மூச்சு சீராக இருந்தால் சரியான பாதை. மூச்சும் பேச்சே என்று ஒரு சாரார் வாதிட்டனர். உயிரற்ற ஆவி மூச்சு விடுவது தகுமா என்பது அத்தையின் ஐயம். இரண்டுக்கும் விதிப்புத்தகத்தில் விடை இல்லை.

கருவியைக் கொண்டு நாட்டாமையை ஒழிக்க நினைத்தவை உண்டு. அவை கருவியை வைத்திருப்பவரை நாட்டாமையாக்கின. 2018-இல் வந்த ‘குரோனிக்கிள்ஸ் ஆஃப் கிரைம்’ ஆட்டத்தில் சீட்டுகளில் உள்ள கியூ.ஆர். குறியைக் கைப்பேசியால் படம் பிடித்துச் சாட்சிகளை விசாரிக்க வேண்டும். கொலை நடந்த அறையைக் கைப்பேசி வழியே நாலாபுறமும் திரும்பிப் பார்க்கலாம்; ஒருவர் எழுந்து நின்று சுழன்றுகொண்டே “மேசை, மேல ஒரு கோப்பை, திரைச்சீலை, நாய்” என்று ஒப்பிப்பார், மற்றவர்கள் அந்தப் பொருள்களின் சீட்டைத் தேடுவார்கள். யாருடைய கைப்பேசியோ அவரே அதிபதி. விசாரணை உச்சத்தில் அவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வரும். கொலையாளிக்கு அவகாசம் கிடைக்கும். அதே ஆண்டு போலந்தின் போர்ட்டல் கேம்ஸ் வெளியிட்ட ‘டிடெக்டிவ்’ ஆட்டம் இன்னும் ஒரு படி மேலே போய் அலுவலக நேரத்தைப் புகுத்தியது. பணிநேரம் தாண்டி விசாரித்தால் மன அழுத்த வில்லைகளில் அதற்கு விலை உண்டு. மாலை முழுவதும் அலுவலகத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள், விலை கொடுத்து வாங்கி, அதே ஓவர்டைமை ஊதியமின்றி வீட்டிலும் செய்வதைப் பொருளியலார் ஆராய வேண்டும்.

‘மைக்ரோமேக்ரோ: கிரைம் சிட்டி’ வேறு வகை. யோஹானஸ் ஸிஷ் வகுத்து 2020-இல் வந்து, 2021-ஆம் ஆண்டுக்கான அதே ஜெர்மன் ‘ஆண்டின் ஆட்டம்’ விருதைப் பெற்றது. 75-க்கு 110 சென்டிமீட்டர் தாளில் ஒரு நகரம் முழுதும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாக. ஒரே ஆள் வெவ்வேறு நேரங்களில் இருந்த இடங்களிலெல்லாம் வரையப்பட்டிருப்பார். பிணத்தைக் கண்டால், அங்கிருந்து தெருத்தெருவாகப் பின்னோக்கிப் போய் அவர் உயிரோடு தொப்பி வாங்கிய கடை வரை போகலாம். 16 வழக்குகள், ஒரு பூதக்கண்ணாடி. இதில் வாய்ச்சண்டை குறைவு. தலைகள் முட்டிக்கொள்வது அதிகம். கண்பார்வை சரியாக உள்ள எட்டு வயதுக் குழந்தை நாட்டாமையாகும் ஒரே ஆட்டம் இது என்பதால் பெரியோர் இதை விரைவில் மூட்டை கட்டி வைக்கின்றனர்.

‘எக்ஸிட்’ ஆட்ட வரிசை குறித்து ஒரு வரி போதும். அதில் சீட்டுகளைக் கத்தரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், கிழிக்க வேண்டும். ஆடி முடித்தால் மிஞ்சுவது குப்பை. காலியான ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கூடக் கழுவி வைக்கும் வீட்டில் அது நிலைக்காது.

அடிக்கோட்டு உரைகள்

மூலநூல் கிழிபடுவதில்லை. ஆனால் ஒரு வழக்கை ஒருமுறைதான் ஆட முடியும். பத்தும் முடிந்ததும் பெட்டி இன்னொரு வீட்டுக்குப் போகும். எனவே இரண்டாம் கை, மூன்றாம் கைப் பிரதிகளில் முன்னோர் எழுதிய உரை கிடைக்கிறது. பென்சில் அடிக்கோடு, ஓரத்தில் வினாக்குறி, வரைபடத்தில் காப்பிக் கறை.

இவ்வுரைகளுக்குப் பொருள் கொள்வது மூலத்துக்குப் பொருள் கொள்வதைவிடக் கடினம். ஒரு முகவரிக்குக் கீழே கோடு இருந்தால் அங்கே தடயம் உண்டு என்பதா, அங்கே போய் ஏமாந்தோம் என்பதா? இருமுறை கோடிட்டால் உறுதியா, ஆத்திரமா? களத்தில் வந்த பிரதியொன்றில் ஒரு பெயருக்கு எதிரே “இவன்தான்” என்று எழுதி, அடித்து, கீழே “இல்லை” என்று எழுதி, அதையும் அடித்திருந்தது. முதல் உரையாசிரியரும் மறுப்புரையாசிரியரும் ஒரே குடும்பத்தவர் என்பது பென்சிலின் ஒற்றுமையால் துணியப்பட்டது. அந்தப் பெயரை இங்கே வெளியிட இயலாது. குற்றவாளியைக் காட்டிக்கொடுக்காமை இத்துறையில் ஆய்வறம். குற்றவாளி அல்லாதவரைக் காட்டிக்கொடுத்தாலும் மிச்சமிருப்போர் குறைந்துவிடுவார்கள் என்பதால் அதுவும் அறமன்று.

ஹோம்ஸ் கணக்கு

இனி இவ்வியலின் உயிர்நிலை. மேசை ஒருவழியாகப் போதும் என்று முடிவு செய்ததும், வழக்கேட்டின் பின்பகுதியில் உள்ள வினாக்களுக்கு விடை சொல்ல வேண்டும். முதற்பகுதி வினாக்கள் வழக்கைப் பற்றியவை. இரண்டாம் பகுதி, வழியில் எதிர்ப்பட்ட வேறு சங்கதிகளைப் பற்றியவை. விடைகளுக்கு மதிப்பெண். பிறகு, எத்தனை இடங்களுக்குப் போனோம் என்ற எண்ணிக்கை. ஹோம்ஸ் போன இடங்களைவிடக் கூடுதலாகப் போன ஒவ்வொன்றுக்கும் ஐந்து மதிப்பெண் கழிக்கப்படும். ஹோம்ஸின் மதிப்பெண் எப்போதும் 100.

கணக்கு செய்து பார்ப்போம். ஹோம்ஸ் ஐந்து இடத்துக்குப் போகிறார், மேசை பதினேழு இடத்துக்குப் போகிறது என்று கொள்க. கூடுதல் பன்னிரண்டு; கழிவு 60. வினாக்களில் மேசை பெற்றது 55 என்றால் நிகர மதிப்பெண் பூச்சியத்துக்கும் கீழே ஐந்து. கொலையாளியைப் பாதி கண்டுபிடித்துவிட்டு, ஒன்றுமே செய்யாமல் வீட்டில் படுத்திருந்தவரைவிடப் பின்தங்கும் வாய்ப்பை இந்த ஆட்டம் முறைப்படி வழங்குகிறது.

இந்த ஐந்து மதிப்பெண்ணே மேசையின் எல்லாச் சண்டைக்கும் ஊற்று. பழைய ஆட்டோவில் மீட்டரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பது போல, ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டும் முன் மேசை கணக்குப் பார்க்கிறது. “அந்தத் தையல்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமே?” “எதுக்கு? அஞ்சு மார்க் போகும்.” “போனாப் போகட்டும், விதவையைப் பார்க்காம இருக்க முடியாது.” “விதவையைப் பார்த்து என்ன கேட்கப்போறீங்க? சொத்து யாருக்குன்னுதானே? அதான் உயில்லயே இருக்கே.” சிக்கனவாதிகள் ஒருபுறம், ஆர்வலர்கள் மறுபுறம். சிக்கனவாதி சொன்னதைக் கேட்டுப் போகாமல் விட்ட வீட்டில்தான் விடை இருந்தது என்று பின்னால் தெரிந்தால், அந்தச் சிக்கனவாதி பிறகு பல ஆண்டுகளுக்கு எந்தக் குடும்பச் செலவிலும் கருத்துச் சொல்ல முடியாது. ஆர்வலர் இழுத்துக்கொண்டு போன வீட்டில் ஒரு கிழவி வானிலை பற்றிப் பேசி அனுப்பிவிட்டாலும் அப்படியே. கருதுகோள் இவ்விடத்தில் ஐயமற நிறுவப்படுகிறது: மேசையில் அப்போது தடயங்கள் எல்லோருக்கும் பொது, மதிப்பெண் எல்லோருக்கும் பொது, சத்தம் மட்டும் தனித்தனி.

ஆனால் ஆய்வாளர் எதிர்பாராத ஒன்று இதற்குப் பின் நிகழ்கிறது. விடைப் பக்கம் வாசிக்கப்படுகிறது. அத்தை இப்போது ஹோம்ஸ் குரலில் வாசிக்கிறார். ஹோம்ஸ் காலை உணவு முடித்து, பத்திரிகையைப் புரட்டி, சில இடங்களுக்குப் போய், ஒரு சிறு விவரத்தைக் கவனித்து, அதிலிருந்து ஓர் ஊகத்துக்கு, அந்த ஊகத்திலிருந்து இன்னோர் ஊகத்துக்குத் தாவிக் குற்றவாளியின் வீட்டு வாசலில் நிற்கிறார். மேசை அமைதியாகிறது. அந்த அமைதியை உடைப்பவர் யாராகவும் இருக்கலாம், சொல்வது ஒன்றே.

“அது எப்படி அவருக்குத் தெரியும்?”

அக்கணம் முதல் மேசையில் இரண்டு கட்சி இல்லை. சிக்கனவாதியும் ஆர்வலரும் தோளோடு தோள் சேர்கிறார்கள். பத்திரிகைக்காரர் தாளை எடுத்துக்காட்டி, அந்த வரியில் அப்படிப் பொருள் வராது என்கிறார். அவர் சொல்வதை அன்றுதான் முதன்முதலாக எல்லோரும் கேட்கிறார்கள். வரைபடக்காரர், அவ்வளவு தூரத்தை அந்த நேரத்துக்குள் கடந்திருக்க முடியாது என்று விரலால் நிறுவுகிறார். குறிப்பெழுதியவரின் அம்புக்குறிகளுக்குத் திடீரென்று மதிப்பு வருகிறது. உறங்கியவர் முழுதாக விழித்துவிடுகிறார். “நாலு இடத்துக்குப் போயி இதெல்லாம் கண்டுபிடிச்சிட்டாராம்! எழுதறவன் பக்கத்துல உட்கார்ந்திருந்தா நானும்தான் கண்டுபிடிப்பேன்” என்று சித்தப்பா சொல்ல, மருமகன் முதல் ஆளாகத் தலையாட்டுகிறார். அன்று மாலை முழுவதும் தேடிக் கிடைக்காத கூட்டுறவு இதோ இங்கே, ஆட்டம் முடிந்த பிறகு, ஹோம்ஸுக்கு எதிராகப் பிறக்கிறது. பெட்டியை வகுத்த மூவரும் இதை அறிந்தே அவருக்கு 100 கொடுத்திருக்கிறார்கள் என்பது இவ்வாய்வின் துணிபு. பிணத்தால் சேர்க்க முடியாத மேசையைச் சேர்க்க, நூற்றுக்கு நூறு வாங்கும் ஒருவர் வேண்டியிருக்கிறது.

புறனடை

மேற்கூறிய இலக்கணத்துக்கு அடங்காத ஒரு நிலை உண்டு. மூலநூலின் பெட்டியில் ஆடுவோர் தொகை 1 முதல் 8 வரை என்று அச்சாகியிருக்கிறது. எட்டு சரி, எட்டுப் பேர் ஆடினால் கருதுகோள் வலுப்பெறும், அண்டை வீட்டார் சாட்சி. ஒன்று என்பதே இடர்ப்பாடு. தனியொருவர் ஆடினால் யாரோடு கருத்து வேறுபடுவார்? தடயம் பொதுவாவதற்கு இன்னொருவர் வேண்டாமா?

இதைத் தெளிய, மேசை கலைந்த பின் தனியே ஒரு வழக்கை ஆடத் துணிந்த குறிப்பெழுதுபவர் பக்கத்து அறையிலிருந்து கவனிக்கப்பட்டார். நெடுநேரம் தாள் புரளும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு பேனா வைக்கும் ஒலி. விடைப் பக்கம் திருப்பும் ஒலி. சிறு இடைவெளி. பின்னர் அவர் தெளிவாக, வாக்கியம் வாக்கியமாக, ஹோம்ஸிடம் பேசத் தொடங்கினார். வண்டிக்காரன் சொன்னதை அவர் எப்படி அப்படியே நம்பினார் என்று கேட்டார். பதில் வராததால் குரலை உயர்த்தினார்.

ஆகவே ‘1 முதல் 8 வரை’ என்பது ஏடெழுதுவோரால் நேர்ந்த பிழைபாடம் எனக் கொண்டு, ‘2 முதல் 9 வரை’ என்று திருத்தி வாசிக்க.